முதல் வரிசையில் தயாளன் சாரின் மகள்

நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுப்பவர் ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை தும்மிவிட்டால் சபா முழுக்கத் தெரிந்துவிடும்.

மேடையின் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோனவர்களுக்கு அடுத்த வரியைக் கிசுகிசுக்கிற அந்த வேலையைத்தான் நான் பல வருஷங்களாகச் செய்கிறேன். பகலில் தி.நகரில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். சாயங்காலமானால் மந்தைவெளியில் தயாளன் சாரின் நாடகக் குழு. ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஒத்திகைக்கு ஓடியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். வீட்டில் நீங்கள் வாங்கிய திட்டு எனக்கும் புரியும்.

பாதியில் நின்ற சாவு

டைரக்டர் தயாளன் சாரின் மனைவி நர்ஸ். அவருக்குச் சாயங்கால ஷிஃப்ட் வந்தால், மகள் கயல் புத்தகப் பையோடு ஒத்திகைக்கு வந்துவிடுவாள். கயலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவோடு சைகையில் பேசுவாள். நாங்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

ஒரு நாள் கதாநாயகன் உயிர்விடும் கட்டம். ஆடிட்டர் ரமணி கழுத்தைத் தொங்கப்போட்டு, கண் செருகி, பிரமாதமாகச் செத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கயல் வீட்டுப்பாடத்தை நீட்டினாள். வகுத்தல் கணக்கு. சார் அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் விடை வரவில்லை. நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து மீதி எவ்வளவு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ரமணி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"சார், நான் செத்துட்டேனா இல்லையா? செத்துட்டேன்னா எழுந்து காபி சாப்பிட்டுட்டு வரேன்."

புருஷன் பெண்டாட்டி சண்டை

எங்கள் நாடகங்களில் யாரும் முதுகைக் காட்டிப் பேசக் கூடாது. வேகமாகப் பேசக் கூடாது, வாயை மறைக்கக் கூடாது. வேறொரு குழுவின் டைரக்டர் ஒருமுறை மேடைக்குப் பின்னால் வந்து, "என்ன சார், புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும்போதுகூட ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம ஆடியன்ஸைப் பார்த்தே திட்டிக்கிறாங்களே!" என்று கேலி செய்தார். சாருக்குக் கோபமே வரவில்லை.

"முதல் வரிசையில ஒருத்தி உட்கார்ந்திருக்கா சார். அவளுக்குப் புரிஞ்சா போதும், கடைசி வரிசைக்குத் தானா புரிஞ்சிடும்."

காற்று வாங்கிய வசனம்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். கடற்கரையை ஒட்டி மேடை. முதல் காட்சியிலேயே மைக் செட் படுத்துவிட்டது. எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுத்துக் கத்தினார்கள். அத்தனையும் காற்றோடு போயிற்று. கூட்டத்தில் சலசலப்பு. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

அப்போது முதல் வரிசையிலிருந்து கயல் விறுவிறுவென்று மேடை ஏறினாள். கல்லூரியில் சேர்ந்திருந்த வயது. நாடகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். ஓரமாக நின்று, ஒவ்வொருவர் பேசுவதையும் கையாலும் முகத்தாலும் செய்துகாட்ட ஆரம்பித்தாள். மாமியார் வரும்போது மாமியார், கடன்காரன் வரும்போது கடன்காரன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அலையாக வந்தது. முடிந்ததும் மீன் விற்கிற அம்மா ஒருவர் நேரே சாரிடம் வந்தார்.

"இன்னா சார் நீ! உன் ஆளுங்க தொண்டை கிழிய கத்துனாங்கோ, ஒண்ணியும் புரில. இந்தப் பொண்ணு வாயே தொறக்கல, அல்லாமே புரிஞ்சிச்சு. இதுக்கு ஒரு வேஷம் குடேன்!"

ஒரே ஒரு வரி

சார் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கயலை வைத்து ஒரு நாடகம் எழுதினார். வெளியூரில் வேலை கிடைத்து வீட்டைவிட்டுக் கிளம்பும் மகளின் கதை. முழுக்கச் சைகை, கடைசியில் அப்பா மட்டும் ஒரு வரி பேசுவார்: "நீ போம்மா, நான் பின்னாலயே வர்றேன்." மயிலாப்பூரில் ஒரு சபா செயலாளர், "வசனம் இல்லேன்னா மாமிகள் எல்லாம் கேன்டீனுக்குப் போயிடுவா" என்று தயங்கினார். கெஞ்சிக் கூத்தாடித்தான் தேதி வாங்கினோம்.

அப்பாவாக நடித்தது சார்தான். பெட்டியோடு நின்ற மகளைப் பார்த்ததும் அவர் கை நீட்டி அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். வரி வரவில்லை. நான் எடுத்துக்கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. எனக்கு எதிரே நின்ற கயல் என் உதட்டைப் படித்துவிட்டாள். அப்பாவின் தோளைத் தொட்டு, நிதானமாகக் கையால் சொன்னாள்: நீங்க இருங்கப்பா, நான் போயிட்டு வர்றேன். சைகை தெரியாத சபாவுக்கும் அது புரிந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. திரை விழுந்ததும் சார் என்னிடம் வந்தார்.

"கோமதி, எனக்கு இருந்ததே ஒரு வரி. அதையும் என் பொண்ணு திருத்திட்டா."

சத்தமில்லாத சண்டை

போன வருஷம் சாருக்கு நெஞ்சுவலி. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், பேச முடியாது. நான் பார்க்கப் போனபோது அவர் கைகளைப் படபடவென்று ஆட்டிக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறுகிறது என்று நினைத்து அங்கிருந்த நர்ஸ் பதறி ஓடிவந்தார். அவர் திணறவில்லை, கட்டில் பக்கத்தில் நின்ற கயலோடு சைகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். புது நாடகத்தின் இரண்டாவது காட்சியை வெட்ட வேண்டும் என்கிறார் அப்பா. கூடாது என்கிறாள் மகள். நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"சத்தம் போடக் கூடாதுன்னுதான் எல்லாருக்கும் சொல்வோம். சத்தமே போடாம இப்படிச் சண்டை போடுற அப்பா பொண்ணை இப்பத்தான் பார்க்கிறேன்."

மறுவாரம் சார் போய்விட்டார். இரண்டாவது காட்சி அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை ஒத்திகை

குழு அவ்வளவுதான் என்று நாங்கள் எல்லோரும் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தோம். காரியங்கள் முடிந்ததுமே வாட்ஸப்பில் கயல் எழுதினாள்: "சனிக்கிழமை ஒத்திகை. லேட்டாக வருபவர்களுக்கு வேஷம் கிடையாது." அலறியடித்துக்கொண்டு போனோம். ரமணி எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

இப்போது குழுவில் பாதிப் பேர் காது கேட்காத இளைஞர்கள். அவர்களுக்கும் வசனம் மறக்கும். ஆனால் நான் கிசுகிசுத்து என்ன பயன்? அதனால் சைகை மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெண் மறந்து நிற்க, நான் திரைக்குப் பின்னாலிருந்து 'கதவைத் திற' என்று கையால் எடுத்துக்கொடுத்தேன். என் கை வேறு என்னத்தைச் சொல்லித் தொலைத்ததோ, அவள் சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒத்திகையே கலைந்தது. எனக்கு அவமானத்தில் கைகள் முந்தானைக்குள் போய்விட்டன. கயல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, என் விரல்களைப் பிடித்து நேராக்கினாள். எப்போதாவதுதான் குரலெடுத்துப் பேசுவாள், அன்றைக்குப் பேசினாள்.

"தப்பா இருந்தா பரவால்ல அத்தை. நல்லா சத்தமா செய்யுங்க."

ரிடையராகிற வயதில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். எனக்கு அந்த வசதியைக்கூடத் தயாளன் சாரின் மகள் விட்டுவைக்கவில்லை.