ஓட்டில் தோற்ற ஏரி

எங்கள் குவாலிட்டி பிரிவில் ஒரு நட்டு அரை நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவோம். அப்பேர்ப்பட்ட நாங்கள் ஏரிக்கரையில் டென்ட் போட இடம் தேடிய அழகைச் சொல்லித்தான் அசெம்ப்ளிக்காரர்கள் இன்றைக்கும் டீ நேரத்தில் சிரிக்கிறார்கள்.

சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவது என்று முடிவானதுமே வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பித்தது. நான் சிங்காரப்பேட்டைக்காரி, ஓசூர்ப் பக்கத்து ஏரி எதுவும் எனக்குத் தெரியாது. யாரோ ட்ரோன் விட்டு மேலேயிருந்து எடுத்த ரீல்ஸ் ஒன்றில் மயங்கிக் கிடந்தேன். உத்தனப்பள்ளி தாண்டி உள்ளே போனால் வரும் பெரிய ஏரியாம். நீலத் தண்ணீர், நடுவில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. ஜூஜுவாடியிலிருந்து வரும் சீனியர் அண்ணன், வீட்டில் கன்னடம் பேசுபவர். "தொட்டகெரேக்கு ஹோகோண, போலாம். என் மாமியார் ஊருக்குப் போற வழிதான். கல்யாணமான புதுசுல அங்கதான் உக்காந்து பேசுவோம்" என்றார். மாமியார் ஊர் என்ற வார்த்தையைக் கேட்டதுமே பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.

மூன்றாவது கட்சி எங்களில் இளையவன். அவன் வீட்டில் தெலுங்கு. "எங்க ஊரு பெத்த செருவுக்கு வாங்கக்கா. கூப்பிடு தூரத்துல எங்க வீடு" என்றான். எங்கள் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் வந்து பந்தி பரிமாறியவன் அவன். அவன் ஊருக்கு நாங்கள் ஒருவரும் போனதில்லை. திருவிழாவுக்கு அழைப்பான், எங்களுக்கு ஓவர்டைம் இருக்கும், இல்லாவிட்டால் மழை வரும். "உங்கூட வேலை செய்றவங்கன்னு நெஜமாவே யாராச்சும் இருக்காங்களாடா?" என்று அவன் அம்மா கேட்கத் தொடங்கியிருந்தாராம். இந்த முறை எங்களுக்காக ஒரு சேவலை வேறு ஒதுக்கி வைத்திருந்தார்.

நாங்கள் பெண்கள் கேட்டது ஒரே கேள்வி: பாத்ரூம் இருக்கிறதா? ரீல்ஸில் பாத்ரூம் காட்டமாட்டார்கள். அண்ணன் கேள்வியே காதில் விழாதவர் மாதிரி இருந்தார். இளையவன் மட்டும், "எங்க வீட்டுல புதுசா டைல்ஸ் போட்டிருக்குதுக்கா" என்றான். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பிரச்சாரம் சூடு பிடித்தது. உங்கள் கெரேயில் ஆகாயத்தாமரை, உங்கள் செருவில் மாடு குளிக்கிறது என்று ஆளாளுக்குப் பழி போட்டோம். அண்ணன் என் ரீல்ஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஓட்டுப் போடும் நாளில் கேன்டீனில் இளையவனிடம் அந்த ரீல்ஸை நீட்டினேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான்.

"நானும் உங்களுக்கே ஓட்டுப் போட்டுடறேங்க்கா. எங்க செருவு இவ்ளோ அழகா இருக்காது."

ஜெயித்த சந்தோஷத்தில் நான் பல்லைக் காட்டினேன். அவன் ஓரமாகப் போய் அம்மாவிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு வந்து, "சேவல் பொழச்சிடுச்சுக்கா" என்று சிரித்தான். டீயைப் பாதியோடு வைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை வேனில் கிளம்பினோம். இளையவன் தன் ஊருக்குப் போவது எப்போதும் கெலமங்கலம் பஸ்ஸில். இந்தப் பக்கத்துச் சாலை அவனுக்குப் புதிது. உத்தனப்பள்ளி தாண்டி மண்பாதையில் திரும்பியதும் அண்ணன் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஏரிக்கரையில் இறங்கினோம். பாறை அப்படியே படுத்திருந்தது. அண்ணன் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஐயோ, இதே தொட்டகெரே கண்ரீ!"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமியார் ஊர்ப் பக்கமே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்களின் முகத்தைப் பார்த்து இன்னும் சிரித்தேன். இளையவன் மட்டும் சிரிக்காமல் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அங்க நீலக் கலர்ல தண்ணி டேங்க் தெரியுதா? அது எங்க வீடு."

பெரிய, தொட்ட, பெத்த எல்லாம் ஒன்றுதான், கெரேயும் செருவும் ஏரிதான் என்பது ஓசூரில் பால் பாக்கெட் வாங்கப் போகிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் இங்கே ஊருக்கு ஊர் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதனால் ஒரே ஏரியை மூன்றாக வெட்டி வைத்துக்கொண்டு, அதற்கு எதிராக அதையே நிறுத்தி, ஓட்டும் எண்ணியிருக்கிறோம்.

"இந்தக் கரையில இருந்து நான் பாத்ததே இல்லக்கா" என்றான் அவன். "நடுவுல இருக்கற கல்லு எங்க பக்கத்துல இருந்து பாத்தா சும்மா கல்லுதான்."

எங்களுக்கு ஏற்றதாக இருக்காது என்று தன் ஏரியைத் தானே தோற்கடித்த பிள்ளை, இப்போது அதை ரீல்ஸ் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். "டேய், அம்மாவுக்கு போன் போடு" என்றேன். ஸ்பீக்கரில் போட்டான். நடந்ததைத் தெலுங்கில் சொல்லி முடித்தான்.

"வேற ஏதோ அழகான ஏரிக்குப் போறதா சொன்னியே?" என்று பிறகு தமிழிலேயே கேட்டார் அவன் அம்மா, எங்களுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

"அங்கதாம்மா வந்திருக்கோம்" என்றேன் நான்.

அவர் போனைக் கட் செய்யாமலே எங்கோ வைத்துவிட்டார். யாரோ ஓடும் சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே, பிழைத்துக்கொண்டதாக நம்பியிருந்த அந்தச் சேவல் கத்துவதும் கேட்டது.