நாற்பத்தோராவது குன்றிமணி

உலக யுத்த காலத்தில் கப்பலில் விளையாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. தேயிலை ஸ்டோர்களில் வேலை செய்த பெண்களின் குழந்தைகளுக்காக, கொட்டாஞ்சேனையில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் என் மனைவி நர்சரி நடத்தினாள். எங்கள் ஒன்றரை வயது மகளோடு பதினொரு குழந்தைகள். வெள்ளவத்தைக் கடற்கரை மணலைச் சலித்து ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாள். பதினெட்டுச் சிரட்டைகள், கமுகம்பாளை, ஈரக் களிமண்.

களனியிலிருந்து வந்த சிங்கள ஆயா, புதுவருஷத்தில் தன் வீட்டார் பலகையில் வைத்து ஆடும் குன்றிமணிகளைக் கொண்டுவந்து தட்டில் பரப்பினாள். சிவப்பையும் கறுப்பையும் கண்டதும் அழுத குழந்தைகள்கூட அடங்கின. மென்று விழுங்கினால் உயிர் போய்விடும் என்று நான் சத்தம் போட்டேன்.

"எண்ணுறதில நீங்கள் விண்ணரல்லோ? காலமையும் பின்னேரமும் எண்ணுங்கோவன்" என்றாள் மனைவி.

எண்ணினேன். கந்தோருக்கு வேலைக்குப் போகுமுன் நாற்பத்தொன்று, திரும்பியதும் நாற்பத்தொன்று. பதினாறு நாட்கள் அப்படியே.

பதினேழாம் நாள் பின்னேரம் நாற்பதுதான் இருந்தன. மூன்று முறை எண்ணினேன். மற்றக் குழந்தைகள் போய்விட்டார்கள். தட்டருகே என் மகள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

காலைப் பிடித்து அவளைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அறைந்தேன். தொண்டைக்குள் விரலை விட்டுக் குடைந்தேன். உப்புத்தண்ணீரை வாயில் ஊற்றினேன். சோறு வந்தது, விதை வரவில்லை. மணற்பெட்டியை உதைத்துக் கவிழ்த்தேன். சிரட்டைகளைச் சுவரில் அடித்து நொறுக்கினேன். ஆயா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அறைந்தேன். மறுபடி திறந்தாள், மறுபடி அறைந்தேன். ஐந்தாவது அடியில் அவள் உதடு கிழிந்தது.

மனைவி உடைந்த சிரட்டையால் என் கையில் ஓங்கி அடித்தாள். "அவளைக் கதைக்க விடுங்கோ! மனுசனே நீங்கள்?"

"மாத்தயா, ஒண்டு வெடிச்சிப் போனது. புள்ளைகளுக்குக் கூடாது எண்டு நான் அடுப்புல போட்டது. நீங்க கந்தோர் போன பொறகு" என்றாள் ஆயா, இரத்தத்தைத் துடைத்தபடி.

மகள் மென்றது களிமண்.

ஆனாலும் அவள் வாயிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. ஆயாதான் அவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி விளக்கடியில் தொண்டையைப் பார்த்தார்.

"இது நகம் கிழிச்ச காயம். ஆர் செய்தது?"

நான் மகளை வாங்கக் கையை நீட்டினேன். அவள் ஆயாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். ஆயா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.