மில் காதும் ஜெர்மன் பரீட்சையும்

ஸ்ரீரங்கத்துத் தாயார் எனக்குச் செய்ததை அடியார்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராசு. மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் இருபத்திரண்டு வருடம் மிஷின் ஓட்டியவன். என் மனைவி மலர்விழி நர்ஸ். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவள் முதலில் போனாள். நான்கு வருடம் கழித்து நானும் எங்கள் மகள் யாழினியும் போய்ச் சேர்ந்தோம்.

மனைவியோடு வாழ வந்தவன் என்று எனக்குக் கிடைத்தது தற்காலிக அனுமதிதான். அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நிரந்தரமாக வசிக்கும் உரிமை வேண்டுமென்றால் இரண்டு பரீட்சையில் தேற வேண்டும். ஒன்று ஜெர்மன் மொழி. இன்னொன்று அந்த நாட்டின் சட்டம், குடிமக்கள் வாழ்க்கை பற்றியது. மலருக்கு அந்த உரிமை கிடைத்துவிட்டது. நான் மட்டும் பாக்கி.

ஆரம்ப நிலைப் பரீட்சையை வாசிப்பிலும் எழுத்திலும் வாங்கிய மார்க்கை வைத்து ஒப்பேற்றினேன். அடுத்த நிலையில் அது பலிக்கவில்லை. பேச்சுப் பதிவைப் போட்டுவிட்டுக் கேள்வி கேட்பார்கள். அந்தப் பகுதியில் தனியாகத் தேற வேண்டும். மூன்று முறை போய் உட்கார்ந்தேன், மூன்று முறையும் மண்ணைக் கவ்வினேன். வகுப்பில் டீச்சர் சொல்வதும் விளங்காததால் இன்னொரு பரீட்சைக்கும் ஒன்றும் ஏறவில்லை. இந்த ஊரில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுவோமா?" என்று மலர் கேட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். "மில்லுல வேலை பார்த்த எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். அதுக்காக என்னைச் செவிடன்னு சொல்றியா?" என்று கத்தினேன். அப்புறமும் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கத்தினேன். பிறகு விட்டுவிட்டாள்.

மில்லில் யாரும் இதை ஒரு வியாதியாக நினைப்பதில்லை. மிஷின் ஓடும்போது கையைக் காட்டிப் பேசிக்கொள்வோம். வீட்டுக்கு வந்தால் டிவியை அலற விடுவோம். "மில் காது" என்று பெண்டாட்டிகள் கேலி செய்வார்கள், நாங்களும் சிரிப்போம். நானும் அப்படியே நம்பி இருந்தேன்.

போன மார்கழியில் லீவுக்குத் திருச்சி வந்தோம். இனித் திரும்பிப் போவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். பழைய முதலாளியிடம் வேலைக்கும் சொல்லிவைத்துவிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் போங்க. ஒவ்வொரு தடவையும் ஃபெயிலாகி உங்களுக்கு என்னால மானக்கேடு வேணாம்" என்றேன்.

யாழினி ஏதோ கேட்டாள். என் காதில் விழவில்லை. மலர்தான் உரக்கத் திருப்பிச் சொன்னாள்: "அப்ப என்னை யாரு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு கேக்குறா."

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மூன்று பேரும் ஸ்ரீரங்கம் போனோம். பெருமாளைச் சேவித்துவிட்டுத் தாயார் சன்னதிக்கு வந்தோம். கண்ணை மூடிக்கொண்டேன். "தாயே, ஒரு தடவை பாஸ் போட்டுவிடு. இல்லையென்றால் இவர்களைப் பிரிந்து இருக்கத் தெம்பு கொடு" என்று வேண்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தால் எனக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசையில் அப்படியே நிற்கிறார்கள். பட்டர் தீர்த்தத்தோடு எதிரே நிற்கிறார். பலமுறை கூப்பிட்டிருக்கிறார். எனக்கு முகம் சுண்டிப்போனது. "கூட்டத்துல கேக்கலை சாமி" என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். உண்மையில் அன்று கூட்டமே இல்லை.

அவர் ஓரடி முன்னால் வந்து என் காதருகே குனிந்தார். "காது கேக்கலேன்னா சொல்லிடுங்கோ. நான் கிட்ட வந்து சொல்லுவேனே. சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?" என்றார். தீர்த்தம் கொடுத்தார், சடாரி வைத்தார், அடுத்தவரிடம் போய்விட்டார்.

அவர் கோபப்படவில்லை, பரிதாபப்படவும் இல்லை. கிட்ட வருகிறேன் என்றார், அவ்வளவுதான். வெளியே வந்து தரையில் உட்கார்ந்தேன். தாயாரிடம்கூட மார்க் கேட்டேனே தவிர, காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"மலரு, எனக்குக் காது கேக்கலை" என்றேன்.

"தெரியுங்க" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "முடியாதவங்களுக்கு ரெண்டு பரீட்சையிலயும் விலக்கு உண்டு. எனக்கு எப்பவோ தெரியும். நீங்க டாக்டர்கிட்ட காதைக் காட்டினாத்தானே நான் அந்த விலக்கைக் கேக்க முடியும்?"

மறுநாளே தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனோம். மிஷின் சத்தத்தில் இரண்டு காதும் வெகுவாகப் போயிருந்தது, வலது காது கொஞ்சம் தேவலை. கருவி மாட்டினால் சத்தம் கூடுமே தவிரத் தெளிவு முழுதாக வராது என்றார். காது மந்தம் என்று மட்டும் எழுதினால் போதாதாம். அதனால் ஏன் புது மொழியைக் கேட்டுப் பரீட்சை எழுத முடியாது என்றும் விளக்கமாக எழுதிக் கொடுத்தார். பழைய முதலாளியிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவர்களோடே விமானம் ஏறினேன்.

அங்கே குடியேற்ற அலுவலகத்தில் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொடுத்தோம். அவர்களுடைய டாக்டரும் ஒருமுறை சோதித்தார். மாதக்கணக்கில் பதில் இல்லை. மலரும் நானும் தினமும் விளக்கேற்றி வேண்டினோம். ஆவணியில் கடிதம் வந்தது. இரண்டு பரீட்சையிலிருந்தும் விலக்கு, நிரந்தரமாக வசிக்க அனுமதி.

நான் பாஸ் மார்க் கேட்டேன். தாயார் பரீட்சையையே எடுத்துவிட்டாள்.

என் காது குணமாகவில்லை. கருவி மாட்டியிருக்கிறேன். ஜெர்மன் இன்னும் தகராறுதான். ஆனால் யாரைப் பார்த்தாலும் முதலில் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று மலர் சொல்கிறாள். முக்கால்வாசி என்பது என் கணக்கு.

அடியார்களே, நீங்களும் தாயாரிடம் போங்கள். வேண்டுவதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வெட்கப்பட்டு எதை ஒளித்து வைத்திருக்கிறீர்களோ அதையும் அவளிடம் சொல்லுங்கள். அவள் கிட்ட வருவாள்.

யாழினியை இன்றும் நான்தான் ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறேன். அவள் எனக்கு வலது பக்கமாக வந்து நடக்கிறாள்.