கைநாட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டிய பக்கம்

எங்கள் மலைச் சங்கத்துக்குப் ஆராய்ச்சிக்கூடங்களில் வைத்திருக்கும் ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். மலையடிவாரத்து ஆலங்காயத்திலிருந்து அதைக் கொண்டுவந்த மெக்கானிக், எந்த மென்பொருளில் எழுதுவது என்பதையும் தானே முடிவு செய்துவிட்டார். அதில் எழுத்துகளுக்கு நடுவே கட்டளைகளையும் அடிக்க வேண்டும். பக்கம் எப்படி வரும் என்பது கடைசியில்தான் தெரியும்.

"பெரிய ஆராய்ச்சிக்காரங்க இதுலதாங்க எழுதுறாங்க. பக்கத்தப் பாத்துக்கினே அடிக்கிறதெல்லாம் பள்ளிக்கூடப் பசங்க வேல. இந்த மெஷினுக்கே அவமானம்" என்றார்.

மெஷினுக்கு அவமானமாம். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இந்த மலையில் வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்துக் கொடுப்பது வழக்கமாகவே இருந்தது. "மேல நான் அடிச்சிக்கிறேன்" என்று படித்தவன் எவனாவது சொன்னால் போதும், கட்டைவிரலை நீட்டிவிடுவோம். பக்கத்து வீட்டுச் சின்னம்மா அப்படித்தான் நீட்டினார். சாமை விதைத்துப் பாடுபட்ட நிலத்துக்குப் பட்டா கேட்டார். தரகர் அடித்த மனுவிலோ அவர் அங்கே பயிரே செய்வதில்லை என்று இருந்தது. மனு தள்ளுபடியானது. இப்போது மறுபடி கேட்கப் போகிறோம். இதுவும் தவறினால் நிலம் கைவிட்டுப் போய்விடும்.

அன்று சின்னம்மாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் நாலு வரி அடித்துக் காட்டியதும் கேட்டார்:

"இதுல என் கைநாட்டு எங்க வரும்?"

"அதெல்லாம் அச்சுல வரும்மா."

"போன தபாவும் இதத்தான் சொன்னாங்க."

"பக்கம் அப்படியே தெரியுறத போடுங்க தம்பி. இங்க உக்காந்து அடிக்கப் போறது நான்" என்றேன். மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மனுவை அடித்தேன். திரையில் வெள்ளைப் பக்கம், அடியில் கைநாட்டுக்கு இடம். சின்னம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க திரையில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். 'கருணை காட்டும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்' என்று வாசித்ததும் விரல் நின்றது.

"இத எடு."

"எல்லா மனுவுலயும் இருக்கும் சின்னம்மா."

"என் நெலத்த நான் எதுக்குக் கெஞ்சணும்? எடு."

பழக்கதோஷத்தில் அடித்தது நான்தான். வெட்கமாகிவிட்டது. அழித்துவிட்டு, அவர் சொன்னபடி 'நிலம் என்னுடையது. பட்டா வழங்க வேண்டும்' என்று அடித்தேன்.

சின்னம்மா அச்சான தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை வரிகளின் வடிவத்தைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகுதான் மையைத் தொட்டார்.