ஜன்னல் இல்லாத அறை

கப்பல் விளம்பரம் எதையாவது பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒன்பது வயதில் வந்த கோபம். அது ஆறவே இல்லை, யார் மேல் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தினார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அந்தத் தீபாவளி லீவுக்கு, அத்தை மாமாக்களையும் சேர்த்துக்கொண்டு, சிங்கப்பூரிலிருந்து மூன்று நாள் கப்பலில் போவதென்று முடிவானது. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் மிச்சமிருப்பது இரண்டே அறைகள் என்றார் டிராவல்ஸ்காரர். ஒன்றில் கடலைப் பார்த்த பால்கனி. இன்னொன்றில் ஜன்னல்கூடக் கிடையாது. நானோ அதற்குள் வகுப்பு முழுக்கப் பால்கனிப் பெருமை பேசி முடித்திருந்தேன்.

வேறு வீடாக இருந்தால் சண்டை போட்டு ஒரு மணி நேரத்தில் தீர்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மரியாதை. “நீங்களே எடுத்துக்கங்கண்ணா” என்பார் அப்பா. “அட, கொழந்தை ஆசப்படுதல்ல, நீ எடுத்துக்க” என்பார் பெரியப்பா. இப்படியே இரண்டு நாள் போனது. அம்மாவையும் பெரியம்மாவையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிராவல்ஸ்காரர் நான்காவது தடவை போன் செய்தபோது பெரியப்பா சொன்னார்: “சாமிகிட்டப் பூக் கேட்டுருவோம்.”

கல்யாணமோ கிணறோ, எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் முடிவாகும். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு ஒன்று, தனித்தனிக் காகிதத்தில் மடித்து முருகன் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். குழந்தை ஒன்று எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பால்கனி எங்களுக்கு, சிவப்பு வந்தால் பெரியப்பாவுக்கு. நான்தான் எடுத்தேன். சிவப்பு.

எல்லோரும் எழுந்து போன பிறகு மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் சிவப்பு அரளிதான் இருந்தது.

உடம்பெல்லாம் எரிந்தது. பெரியப்பாவின் வேலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாயில் சர்க்கரை, வயிற்றில் கள்ளம்! ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் பூவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். “வாய மூடு கண்ணு. ஊட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது” என்றாள். இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளியா என்று அவள் மேலும் கோபம் வந்தது.

கப்பலில் பால்கனி அறை சத்திரமாகிவிட்டது. வந்த பதினான்கு பேரில் அம்மாவைத் தவிர எல்லோரும் அங்கேதான் கிடந்தார்கள். பெரியம்மா முறுக்கு டப்பாவைத் திறப்பதும், டம்ளர் கழுவுவதும், தரையைத் துடைப்பதுமாக இருந்தாள். பாவம், கடல் பக்கம் திரும்ப அவளுக்கு நேரமில்லை. பெரியப்பா ஆசையாக வாங்கி வந்த ஐஸ்கிரீமை அவர் கண் முன்னாலேயே உருக விட்டேன். மூன்று நாளும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

“உங்கம்மாளக் கொஞ்சம் வரச் சொல்லு கண்ணு” என்று பெரியம்மா அனுப்பும்போதெல்லாம் எங்கள் அறைக்கு ஓடுவேன். பகலென்றும் இரவென்றும் தெரியாத இருட்டில் அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பாள். இவ்வளவு தூரம் கடலுக்கு வந்து தூங்குகிறாளே என்று ஆத்திரம் பொங்கும். இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவேன். “தலவலின்னு சொல்லிரு சாமி” என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஊரில் அவள் நாலு மணிக்கு எழுந்து வீட்டுக்கே ஆக்கி வைத்துவிட்டு, எட்டரைக்குக் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்பாள். அது எனக்குத் தெரியாததல்ல. பூவைப் பறித்து, காகிதம் கிழித்து, பொட்டலம் மடித்தது யார் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. அந்த வீட்டில் அந்த மாதிரி வேலைகளை வேறு யார் செய்வார்கள்?

“எனக்கு இருட்டு ரூமே போதும், மூணு நாளு தூங்கோணும்” என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்கு மரியாதையான வீடு அது. தூங்குவதற்காக என் அம்மா முருகனையே ஏமாற்ற வேண்டியிருந்தது. அந்த வீட்டு ஆட்களில் நானும் ஒருத்தி. அந்த மூன்று நாளில் அவளை ஏழு தடவை எழுப்பினேன்.