கார்டு டாக்டரும் கடைசிப் படியும்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. கார்டு டாக்டர் என்றால்தான் தெரியும். மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழைய வேண்டிய அளவுக்கு ஒடுக்கமான ஒரு ஸ்டுடியோ அவளுடையது. முன்பக்கம் நீலத் திரை, ஒரு முக்காலி, இரண்டு குடை விளக்குகள். பின்பக்கம் ஒரு கம்ப்யூட்டர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களைவிட, உள்ளங்கையில் நகம் அளவு மெமரி கார்டை வைத்துக்கொண்டு, "அக்கா, ஓப்பனே ஆகமாட்டேங்குதுக்கா" என்று அழாக்குறையாக வருகிறவர்கள்தான் அங்கே அதிகம்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம். திரையில் எந்தப் பெட்டி முளைத்தாலும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அந்தப் பயம்தான் கடைசியில் அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது. மற்றவர்கள் திரையில் எழுதியிருப்பதைப் படிக்காமலே 'சரி' என்று தட்டிவிடுவார்கள். இவள் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிப்பாள். புரியவில்லையா, தட்டமாட்டாள். ஒருமுறை, பிறந்த குழந்தையின் முதல் படங்கள் போய்விட்டன என்று இடிந்துபோய் வந்து நின்ற ஒரு தகப்பனுக்கு அத்தனையையும் மீட்டுக் கொடுத்தாள். அவர் போகிற இடமெல்லாம் சொன்ன பேர்தான் கார்டு டாக்டர்.

அவள் கணவர் பஸ் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் நிதானத்தின் மறு உருவம். இறங்கிவிட்டாலோ கால் தரையில் பாவாது. பால் பொங்குவதற்குள் மூடியைத் திறந்து பார்க்கிற ரகம். அவருக்கு ஒரு தங்கை. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் அவளுக்கு வாத்து என்று பேர். முட்டிவலிக்குத் தண்ணீரில் நடந்து பாருங்கள் என்று டாக்டர் சொல்லப்போக, முப்பது வயதுக்கு மேல் நீச்சல் குளத்தில் இறங்கினவள், வலி போன பிறகும் வெளியே வர மறுத்துவிட்டாள். அப்போது அண்ணன் வைத்த பேர் அது. நாத்தனார் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. இந்த அண்ணியும் நாத்தனாரும் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

குளம் போதாமல் வாத்து ஏரிக்குப் போனாள். இந்தக் கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கரை ஒரு பென்சில் கோடு மாதிரி தெரிகிற பெரிய ஏரி. ஆண்கள் சிலர் அதை நீந்திக் கடந்திருக்கிறார்கள். பெண்கள் யாரும் கடந்ததில்லை. "நான் கடக்கப் போறேன் அண்ணி. படகுல நீங்கதான் வந்து போட்டோ எடுக்கணும்" என்றாள் ஒரு நாள், காய் நறுக்கிக்கொண்டே.

"எனக்குப் பக்கெட் தண்ணியப் பாத்தாலே தலை சுத்தும். என்னைப் போய் படகுல ஏத்துறியே!"

"வேற யாரையும் நான் நம்பல."

அதோடு முடிவாகிவிட்டது.

நீச்சல் சங்கத்தின் விதி கறாரானது. நீந்துகிறவர் படகையோ ஆளையோ தொடக்கூடாது. எதிர்க்கரையில் யார் உதவியும் இல்லாமல் ஏறி, தண்ணீர் தொடாத படியில் தனியாக நிற்க வேண்டும். புறப்பட்டதிலிருந்து நின்றது வரை படகிலிருந்து எடுத்த படங்கள் வேண்டும். அவை இல்லையென்றால் கடந்ததாகக் கணக்கில்லை.

அன்று காலை, பனி விலகும்போது வாத்து தண்ணீரில் இறங்கினாள். கார்டு டாக்டர் ஒரு கையால் படகின் விளிம்பையும் மறு கையால் கேமராவையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாதி தூரம் வரை ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. பிறகு காற்று கிளம்பியது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் தலையைத் திருப்பி ஏரியில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். கீழே நாத்தனாரின் கைகள் விடாமல் மேலே வந்து, விடாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"வாத்து! கரை தெரியுதுடி! படி தெரியுது!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கரையில் சங்கத்தின் படகுத்துறை. கல்படிகள். சாலை வழியாகச் சுற்றி முன்னாலேயே வந்துசேர்ந்திருந்த கணவர், தங்கையைக் கண்டதும் துண்டை விரித்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினார்.

"என்னங்க, தொடாதீங்க! தொடாதீங்கங்க!" என்று கத்திக்கொண்டே அவள் விரலை எடுக்காமல் அழுத்தினாள். கேமரா சடசடவென்று படங்களை அள்ளியது. வாத்து முட்டி போட்டு, தவழ்ந்து, எழுந்து, நின்றாள்.

கரையே ஆரவாரித்தது. வாத்தைக் கம்பளியில் சுற்றி, சங்க அலுவலகத்துக்குப் பக்கத்து அறை பெஞ்சில் படுக்கவைத்தார்கள். படுத்ததும் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டாள். கார்டு டாக்டர் கேமராவைச் சங்க அலுவலக மேஜையில் வைத்துவிட்டுப் படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையும் ஆடியது.

அவள் திரும்பி வந்தபோது அலுவலகத்தில் குரல்கள் உயர்ந்திருந்தன. வேறொரு நீச்சல் குழுவின் கோச், நரைத்த மீசைக்காரர், கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா நல்லா நீந்துனாங்க. இல்லேங்கல. ஆனா அண்ணன் கையைப் பிடிச்சுதான் மேல வந்தாங்க. கரையில நின்னு என் கண்ணால பாத்தேன்."

"அபாண்டமா பேசாதீங்க சார்! நான் துண்டுதான் நீட்டினேன். அதுவும் அவ நின்ன பிறகு" என்றார் கணவர், முகம் சிவந்து.

படகில் வந்த சங்கப் பார்வையாளரோ தலையைச் சொறிந்தார். கடைசி நேரத்தில் ஆடுகிற படகைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதிலேயே அவர் கவனம் போய்விட்டதாம்.

"எதுக்குச் சண்டை? போட்டோ இருக்குல்ல. பாத்துடுவோம்" என்றார் சங்கச் செயலாளர், சாந்தமான மனிதர். மேஜையில் கிடந்த கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினார்.

திரையில் ஒரு பெட்டி முளைத்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது. செயலாளரின் விரல் மவுஸுக்குப் போனது.

"கையை எடுங்க சார்!"

அறையே திடுக்கிட்டது. அவள் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"என்னம்மா, அதுதானே செய்யச் சொல்லுது?"

"அது கேக்குது சார், சொல்லல. 'ஆமா'ன்னுட்டா படம் இருந்த இடத்தையே துடைச்சு வெச்சிடும்." 'வேண்டாம்' என்பதைத் தானே தட்டினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "கேமராவுலதானே இருந்துச்சு கார்டு? யார் வெளிய எடுத்தது?"

கணவர் தொண்டையைச் செருமினார்.

"நான்தாம்மா. ஒரே ஒரு படம் பாக்கலாம்னு இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டேன். படம் பக்கவாட்டுல படுத்துக்கிட்டு இருந்துச்சு. நிமித்தி வெச்சேன். அதுக்குள்ள வெளிய இவர், கையைப் பிடிச்சாங்கன்னு சொல்றது காதுல விழுந்துச்சா, கார்டை உருவி வெச்சுட்டு ஓடினேன்."

படத்தை நிமிர்த்தினால் கம்ப்யூட்டர் அதைக் கார்டில் திருப்பி எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவினால் எழுத்து பாதியில் அறுந்துபோகும். அவளுக்கு நிலைமை முழுவதும் விளங்கியது. கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"போச்சா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"பதறாத காரியம் சிதறாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

முதலில் கார்டின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பூட்டைக் கீழே தள்ளினாள். இனி அதில் யாரும் ஒன்றும் எழுத முடியாது. கேமராவில் போட்டுப் பார்த்தாள். 'கார்டில் பிழை' என்றது. தன் பையிலிருந்து வேறு கார்டு ரீடரை எடுத்து, கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் சொருகிப் பார்த்தாள். மறுபடி அதே கேள்வி, மறுபடி 'வேண்டாம்'. கோச் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போனது போனதுதாம்மா" என்றார், பாவம் பார்க்கிற குரலில்.

அவள் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் டிஸ்க்குகளையெல்லாம் காட்டுகிற பக்கத்தைத் திறந்தாள். அங்கே கார்டு தன் முழு அளவோடு உட்கார்ந்திருந்தது. கார்டே செத்திருந்தால் அந்த இடம் வெறுமையாக இருந்திருக்கும்.

"நாடி இருக்கு" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. "அட்ரஸ் எழுதின பக்கம்தான் கிழிஞ்சிருக்கு சார். வீடெல்லாம் அப்படியே நிக்குது. நாம தெருத்தெருவா நடந்து கதவைத் தட்டணும், அவ்வளவுதான்."

அடிபட்ட கார்டை அவள் நேரடியாக நோண்டமாட்டாள். உள்ளே இருப்பதை மூலை முடுக்கு விடாமல் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்தாள். பச்சைக் கோடு எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தது. செயலாளர் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். கணவர் டீயைத் தொடவில்லை. அடுத்த அறைக்கும் இதற்குமாக நடந்து, தூங்குகிற தங்கையைப் பார்ப்பதும், திரையைப் பார்ப்பதுமாக இருந்தார். "அவ கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று ஒருமுறை முணுமுணுத்தார். அவள் கை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

நகல் முடிந்ததும் கார்டை எடுத்துப் பத்திரப்படுத்தினாள். தன் பென் டிரைவில் வைத்திருந்த மீட்பு மென்பொருளை நகலின்மேல் ஏவிவிட்டாள். திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு பொட்டு மாதிரி ஒரு படம் விழுந்தது. விடிகாலை ஏரி. அடுத்தது, மஞ்சள் தொப்பி போட்ட வாத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. பிறகு படமழைதான். கைகள், அலைகள், தொப்பி, வானம், சாய்ந்த படகு என்று திரை நிறைந்துகொண்டே போனது.

"வருதும்மா! வருது!" கணவர் எழுந்து குதித்தார்.

படங்கள் பேரெல்லாம் போய், வரிசை கலைந்து கிடந்தன. ஆனால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா பதித்திருந்த நேரம் அப்படியே இருந்தது. அதை வைத்து வரிசைப்படுத்தினாள். கடைசிப் பகுதிக்கு வந்தாள். படிகள். தண்ணீரிலிருந்து எழும் வாத்தின் தலை. அடுத்த படத்தைத் திறந்தாள். மேல் பாதி தெளிவாக இருந்தது. கீழ்ப் பாதி சாம்பல் பூசினாற்போல் ஒன்றுமில்லாமல் கிடந்தது. அவர் நிமிர்த்தின படம்.

கோச் முன்னால் குனிந்தார்.

"நான் விரலை எடுக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்ததைத் திறந்தாள்.

முழுப் படம். வாத்து இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் ஊன்றி முட்டி போட்டிருக்கிறாள். அண்ணன் நாலைந்து படி மேலே. அடுத்தது: ஒரு கால் ஊன்றிவிட்டாள். அண்ணன் அங்கேயே, படகைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறார். மனைவி போட்ட சத்தம் காதில் விழுந்த கணம். அடுத்தது: காய்ந்த படியில் வாத்து நிமிர்ந்து நிற்கிறாள், தோளிலிருந்து நீர் சொட்ட, கைகள் இரண்டும் தொங்க. அவளுக்கும் அண்ணனுக்கும் நடுவே ஓர் ஆள் படுத்துப் புரளலாம். அந்த இடைவெளியில் பின்னாலிருந்த வெள்ளைச் சுவர் பளிச்சென்று தெரிந்தது. துண்டு அதற்கடுத்த படத்தில்தான் வந்தது.

கோச் அந்தப் படங்களை இரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னார். பிறகு எழுந்து மீசையைத் தடவினார்.

"கரையிலேருந்து பாக்கறப்போ ரெண்டு பேரும் ஒட்டி நின்ன மாதிரி இருந்துச்சு. நான் சொன்னது தப்பு. கடந்துட்டாங்க. சுத்தமா கடந்துட்டாங்க." கணவரிடம் கையை நீட்டினார். கணவர் கையைக் கொடுக்காமல் அவரைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

செயலாளர் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். வெளியே காத்திருந்த கூட்டம் விசில் அடித்தது. சத்தத்தில் வாத்து கம்பளியோடு எழுந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உங்க அண்ணன் ஒரு போட்டோவைக் கெடுத்தாரு. மிச்சத்தை நான் பாத்துக்கிட்டேன்." திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

வாத்து தன்னைத் தானே பார்த்தாள். பிறகு மெதுவாக, "நான் நின்னேன்ல?" என்றாள்.

"நின்னடி. தனியா நின்ன."

வாத்துக்குக் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கக்கூடத் தெம்பில்லை. கார்டு டாக்டர் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். துறையில் நின்ற படகுகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஏரியின் நடுவில் இருந்த ஒரு மீன்பிடிப் படகும், விஷயம் என்னவென்று தெரியாமலே, பதிலுக்கு நீளமாக ஊதியது.

அந்தப் படம் இப்போது சங்க அலுவலகத்தில் வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நீச்சல் கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்கு வாத்து வாரம் தவறாமல் வகுப்பெடுக்கிறாள். கோச்சும் தன் மகளை அங்கேதான் அனுப்புகிறார். அவள் அடுத்த கோடையில் ஏரியைக் கடக்கப் பேர் கொடுத்திருக்கிறாள். படகில் கேமராவோடு யார் வர வேண்டும் என்று செயலாளர் கேட்டதற்கு, அப்பாவும் மகளும் ஒரே குரலில் பதில் சொன்னார்களாம்.