கலியோபியின் கொடிக்கயிறு

கிரேக்க நாட்டின் லெஸ்வோஸ் தீவில் எங்கள் தெருக்காரி கலியோபி. ஆஸ்திரேலியாவுக்குப் போன புருஷன் திரும்பி வராததால், அவனுடைய மீன்கொக்கியை எடுத்துக்கொண்டு அவளே கடலில் இறங்கினாள். பாறையிடுக்கில் ஆக்டோபஸ் பிடித்து, கல்லில் அடித்து மிருதுவாக்கி, துணிக்கொடியில் வெயிலில் காயப்போடுவாள். சாயங்காலம் முற்றத்தில் கரியடுப்பில் சுடுவாள்.

பக்கத்து வீட்டு ஸ்ட்ராத்திஸ் தன் அப்பா வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டபோது தகராறு ஆரம்பித்தது.

"அத்தே, ஜன்னலைத் திறந்தா எட்டுக் காலு தொங்குது. வர்றவங்க அருவருக்கிறாங்க. புகை வேற."

"அருவருப்பா இருந்தா ஜன்னலைச் சாத்தச் சொல்லு. உங்கப்பன் இதே புகையிலதான் உன்னை வளர்த்தான்."

"கடையில வாங்கித் தின்னா என்ன?"

"நான் பிடிச்சதை, என் முற்றத்துல, நான் சுடுவேன். நீ யாருடா கேக்க?"

மறுவாரம் ஸ்ட்ராத்திஸ் எல்லையில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, ஆளுயரத்துக்கு மேல் நாணல் தட்டி அடித்தான். கலியோபியின் முற்றத்தில் பாதி வெயில் போயிற்று.

மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறினாள். அவன் கம்பங்களின் உச்சியிலேயே கயிறு கட்டி, மூன்று ஆக்டோபஸ்களை வரிசையாகத் தொங்கவிட்டாள்.

"என் கம்பத்துலயா அத்தே?" என்று ஸ்ட்ராத்திஸ் கத்தினான்.

"கீழே வெயிலை மறைச்சவன் நீதானே? மேல நல்லா காயுது."

சாயங்காலம் கரி கனன்றது. கால்கள் சுருண்டு ஓரம் கருகியதும் எலுமிச்சை பிழிந்தாள். தட்டிக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு, சோம்பு மணக்கும் ஊசோ மதுவை ஊற்றிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.